தாமரைக் கோபுரத்தில் கத்தரிப்பூச் சேலைகள்

விசுவமடு
12.06.2025

அன்புள்ள மாமிக்கு,

போனில் பேசினால் உங்கள் காதுக்கு விழாது என்பதால் கடிதம் எழுதுகிறேன். வட்சப்பில் எழுதினால் அம்மா எடுத்து வாசிப்பா என்பது இன்னொரு காரணம். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் வந்த களை இன்னும் ஒருவருக்கும் போகவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வீக்கம். மற்றப்படி எல்லோரும் சுகம்.

முந்தாநாள் எங்கள் பால் சேகரிப்பு நிலையத்துக்குப் பால் ஏற்ற பவுசர் கொண்டுவரும் ரஜிதன் என்னிடம் ஒரு விசயம் கேட்டார்.

“அக்கா, நீங்கள் அடிக்கடி கொழும்புக்குப் போய்வாற ஆள். லீவுக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகப்போறன். என்னத்தைக் காட்டினால் நல்லம்?”

பால்மானியைக் கையில் பிடித்தபடி யோசித்தேன். “யோசிச்சுச் சொல்லுறன்” என்று சமாளித்தேன்.

மாமி, தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். அது பிரான்ஸ் மாப்பிள்ளைக்காக. “யானைக்குப் பக்கத்தில நில், மெலிவாத் தெரிவாய்” என்று சொன்னதும் நீங்கள்தான். நான் யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். நூதனசாலையில் லண்டன் மாப்பிள்ளையின் தாய் என்னைச் சுற்றி வந்தா. அந்த மண்டபத்தில் என்னென்ன வைத்திருந்தார்கள் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. காலிமுகத்திடலில் சுவிஸ்காரர். காற்று கொசுவத்தைப் பிடுங்கியது. கடலைப் பார்க்க முடியவில்லை, சேலையைத்தான் பார்த்தேன். எல்லாரும் சந்தோசமாகச் சுற்றிப் பார்க்கிற இடங்களில் நான் நின்றிருக்கிறேன். அவ்வளவுதான்.

இப்படிப் பெண் பார்க்கிற முறை ஏன் வந்தது என்று எனக்கு விளங்காமல் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் விசுவமடுவுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அடுத்த நாள் சந்தை முழுக்கத் தெரியும். அதனால் நாங்களும் கொழும்பு சுற்றிப் பார்க்க வருகிறோம், அவர்களும் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல நடக்கிறோம். முடிவு பிறகு உங்களிடம் வருகிறது. பெயர் கெடாது. சரி. ஆனால் எனக்கு முப்பத்துநாலு வயது. களைத்துப் போனேன்.

இப்போது டென்மார்க் மாப்பிள்ளை ஒருவர் என்று அம்மா சொல்கிறா. நான் வரவில்லை மாமி.

இன்னொன்று கேட்கத்தான் இந்தக் கடிதம். தங்கச்சி சுதாஜினியும் உடையார்கட்டுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ஜனார்த்தனனும் விரும்புவது உங்களுக்குத் தெரியும். ஆவணிக்குள் கலியாணம் இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம் என்று அவரின் தாய் சொல்லிவிட்டா. அம்மா ஒரே பிடி. “மூத்தவள் வீட்டில இருக்க இளையவளுக்கு மேளம் அடிக்கிறதோ?” என்கிறா. தங்கச்சி இரவில் அழுது காலையில் முகம் கழுவிவிட்டு வருகிறாள். நான் பார்க்காதது மாதிரி இருக்கிறேன்.

அப்பா உங்கள் சொல்லைத் தவிர வேறு யார் சொல்லையும் கேட்டதில்லை. என்னை விட்டுவிட்டு அவளுக்கு முதலில் செய்யச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

அன்புடன்,
கஜேந்தினி


வெள்ளவத்தை
18.06.2025

அன்பின் கஜேந்தினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒருதரம், போடாமல் ஒருதரம் வாசித்தேன். இரண்டு தரமும் கோபம்தான் வந்தது.

யானைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னது உண்மை. நீ அந்த நேரம் கொஞ்சம் பூசினமாதிரி இருந்தாய். நான் யாருக்காகச் சொன்னேன்? எனக்குப் பிள்ளை இல்லை. உன் மாமா போன பிறகு இந்தத் தொடர்மாடியில் தனிய இருந்து, வன்னியிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு நாலு நல்ல இடம் பார்த்துக் கொடுக்கிறேன். பத்து கலியாணமாவது என் கையால் நடந்திருக்கும். உன்னுடையதுதான் இழுபடுகிறது.

முதலில் அந்த ரஜிதனுக்குப் பதில். பிள்ளைகளைக் காலையில் வெள்ளவத்தையில் ரயில் ஏற்றச் சொல். கல்கிசை மட்டும், கடல் பக்க யன்னல். இதைவிடச் சந்தோசம் கொழும்பில் இல்லை. பெண் பார்க்க மட்டும் உதவாது, ரயிலில் எல்லோரும் கடலைத்தான் பார்ப்பார்கள். புறக்கோட்டையில் சிவப்புப் பள்ளிவாசலை வெளியில் நின்று பார்க்கலாம். மேல்தட்டு திறந்த பஸ் ஒன்று ஊரைச் சுற்றிக் காட்டுகிறது, பிள்ளைகள் கத்திக்கொண்டு வருவார்கள். நூதனசாலை பெரியவர்களுக்குச் சரி. அங்கே வெளிச்சம் போதாது, லண்டன்காரர் தவறியது அதனால்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். பின்னேரம் காலிமுகத்திடல்: பட்டம், இறால் வடை. கடைசியாகத் தாமரைக் கோபுரம், வெயில் தாழ்கிற நேரம்.

உன்னையும் அங்கேதான் வரச்சொல்லப் போகிறேன். கோபத்தை விட்டுவிட்டு வாசி.

பையனின் பெயர் நிரோஜன். முப்பத்தொன்பது வயது. சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது. தாய் இலட்சுமி நல்ல மனுசி, கொஞ்சம் கதை கூட. உன் படத்தைப் பார்த்துவிட்டார்கள், நேரில் ஒருதரம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். யூலை ஐந்தாம் திகதி சனிக்கிழமை, ஆடி மாதத்துக்கு முன். கோபுரத்தின் மேல்தளம் வட்டமாக இருக்கிறது. நீ ஒரு பக்கத்தால் நடந்தால் அவர்கள் மற்றப் பக்கத்தால் வருவார்கள். எங்கே நின்றாலும் கண்ணில் படுவாய். இதைவிட நல்ல இடம் அமையாது. கத்தரிப்பூ நிறச் சேலை என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சித்திரைப் புதுவருசத்துக்கு வாங்கினாயே, அது.

மற்றதை இப்போது சொல்கிறேன். நீ வந்து, இதுவும் சரிவராவிட்டால், நானே உன் அப்பாவிடம் சொல்கிறேன்: இளையவளுக்கு முதலில் செய்யுங்கோ என்று. இது என் வார்த்தை.

கையில் எண்ணெய்ப் பலகாரம் ஒன்றும் வைத்திருக்காதே. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்காதே. சிரி. காசா பணமா?

மாமி,
விமலேஸ்வரி


விசுவமடு
22.06.2025

அன்புள்ள மாமிக்கு,

வருகிறேன். உங்கள் வார்த்தைக்காக வருகிறேன்.

சுதாஜினி வரமாட்டாள். அம்மா இதில் எப்போதும் கவனம். தங்கச்சியைக் கூட்டிப்போனால் அவளைக் கேட்டுவிடுவார்கள் என்ற பயம். இந்த முறை அவளே, “நான் வரேல்லை அக்கா, நீ போய்ச் சிரிச்சிட்டு வா” என்றாள். பகிடிக்குத்தான் சொன்னாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

ரஜிதனிடம் ரயிலைப் பற்றிச் சொன்னேன். நன்றி சொல்லச் சொன்னார்.

கஜேந்தினி


வெள்ளவத்தை
09.07.2025

என் தங்கமான கஜேந்தினிக்கு,

பிடித்துவிட்டது! பிடித்துவிட்டது என்று மூன்று தரம் எழுத வேண்டும்.

லிப்டில் ஏறினால் என் காது அடைக்கும் என்று நான் கீழேயே இருந்துவிட்டேன். அந்த நேரம் யாரோ போன் எடுத்திருக்கிறார்கள், எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் இறங்கி வந்தபோது உன் முகத்தைப் பார்த்து, இதுவும் போச்சு என்றுதான் நினைத்தேன். “மச்சாள்” என்று கூப்பிட்டேன், உன் அம்மா திரும்பாமல் பஸ்ஸுக்கு நடந்தா. பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தேன்.

நேற்று இலட்சுமி நேரில் வந்தா. கையில் கேக்.

“விமலேஸ்வரி அக்கா, உங்கட மருமகள் என்ன கலகலப்பு! படத்தில பாத்தால் உம்மெண்டு இருக்கிறா, நேரில பாத்தால் வாய் விட்டுச் சிரிக்கிறா. ஒரு வெள்ளைக்காரனைப் பிடிச்சு, படம் எடு எண்டு போனைக் கையில குடுத்திட்டா. ஐஸ்கிறீம் குடிச்சுக்கொண்டு, ‘அங்க பார் துறைமுகம்’ எண்டு எல்லாருக்கும் காட்டுறா. எங்கட வீட்டுக்கு இப்பிடி ஒரு பிள்ளைதான் வேணும். அங்க குளிருக்க இருந்து எல்லாரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியினம்.”

நீயா இது? என் மருமகளா? சிரி என்று எழுதினேன், இவ்வளவு சிரிப்பாய் என்று நினைக்கவில்லை. ஐஸ்கிறீம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, சேலையில் சிந்தினால் என்ன செய்வது? ஆனாலும் பிடித்துவிட்டதே.

அப்பாவுக்கு மேல்வீட்டுப் பிரியந்தினியைக் கொண்டு போனில் சொல்லுவித்தேன். அவர் அழுததாக அவள் சொன்னாள். கலியாண எழுத்தை ஆவணியில் வைப்போம் என்கிறார்கள். உன்னுடையது முடிந்த கையோடு சுதாஜினிக்கும் அதே மாதத்தில் செய்யலாம்.

இன்றைக்குப் பம்பலப்பிட்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

மாமி


விசுவமடு
13.07.2025

அன்புள்ள மாமிக்கு,

அது நான் இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அம்மாவும் நானும் மேலே போனபோது அந்தத் தளம் முழுக்கக் கத்தரிப்பூச் சேலைகள். முதலில் எனக்குக் கண் மயங்கியது போல இருந்தது. வவுனியாவிலிருந்து முன்பள்ளி ஆசிரியைகள் ஒரு பஸ்ஸில் சுற்றுலா வந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே சேலை. என்னுடைய சேலைதான். கரை கூட அதேதான். அந்தக் கடைக்காரர் புதுவருசத்துக்கு எத்தனை இறக்கினாரோ தெரியாது.

ஒருத்தி என்னைப் பார்த்து, “நீங்கள் எந்த முன்பள்ளி, ரீச்சர்?” என்று கேட்டா. “நான் ரீச்சர் இல்லை, பால் நிலையம்” என்றேன். அவவுக்கு அடக்க முடியாத சிரிப்பு. அவதான் வெள்ளைக்காரரிடம் போனைக் கொடுத்தவ. அவதான் ஐஸ்கிறீம். என் நிறம், என் உயரம். பெயர் கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொன்னா. பக்கத்தில் அம்மாவின் வயதில் ஒரு தலைமை ஆசிரியையும் நின்றா.

நானும் நடந்திருப்பேன். நீங்கள் சொன்னபடி ஒரு பக்கத்தால் நடக்கத் தொடங்கினேன். அப்போது கடல் பக்கமிருந்து ஒரு ஹெலிகொப்டர் வந்தது. மேலே இல்லை, எங்கள் கண்ணுக்கு நேரே, கண்ணாடிக்கு அப்பால். சண்டைக் காலத்தில் இழுத்த மாதிரியே அம்மா என் கையைப் பிடித்து இழுத்தா. நான் குந்தி இருந்துவிட்டேன். அம்மா என் தலையில் கை வைத்து அமத்தினா. அந்தச் சுவரோரம், யன்னலுக்குக் கீழே, நிலத்தில், சேலையோடு. வவுனியா ஆட்களில் வயதான இரண்டு பேரும் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். ஒரு காவலாளி வந்து தண்ணீர் வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா தலையாட்டினா, ஆனால் எழும்பவில்லை. அது போய் வெகு நேரத்துக்குப் பிறகுதான் என் தலையிலிருந்து கையை எடுத்தா. பிறகு நேரே லிப்டுக்குப் போனோம். துறைமுகத்தை நான் பார்க்கவில்லை.

இலட்சுமி அன்ரி குடும்பம் அந்த நேரத்தில்தான் சுற்றி வந்திருக்க வேண்டும். நின்றவர்களைப் பார்த்திருக்கிறார்கள். நிலத்தில் இருந்தவர்களை யார் பார்க்கப் போகிறார்கள்?

தெரியாதவர்கள்போல நடப்பதென்று நாங்களே வைத்த முறை. கிட்டப் போய், “நீங்களோ தங்கராசாவின்ர மகள்?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கக் கூடாது என்பதுதான் முறை.

அவர்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள் மாமி. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வந்து இரண்டு நாள் படுத்துக்கிடந்தா, இப்போதுதான் எழும்பிச் சமைக்கிறா, பாட்டும் முணுமுணுக்கிறா.

கஜேந்தினி


வெள்ளவத்தை
18.07.2025

அன்பின் கஜேந்தினிக்கு,

வாசித்தேன். கொஞ்ச நேரம் சிரித்தேன், மன்னித்துக்கொள். இரண்டு பிள்ளைகளின் தாய்! பிறகு மச்சாளை நினைத்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. அவவைக் கோபுரத்தில் ஏற்றியது என் யோசனை. நான் கீழே கதிரையில் இருந்தேன்.

ஆனால் நான் சொல்லப்போவது உனக்குப் பிடிக்காது. சொல்லாதே. நீயும் சொல்லாதே, நானும் சொல்லமாட்டேன்.

யோசித்துப் பார். உன் படம் அவர்களிடம் முதலே இருக்கிறது. குறிப்பு உன்னுடையது. பெயர் உன்னுடையது. எழுத்துக்கு வருகிறபோது உன்னைத்தான் பார்ப்பார்கள், கொஞ்சம் மெலிந்துபோனாள் என்று நினைப்பார்கள். எல்லோரும் பெண் பார்க்கிறபோது ஒருமாதிரி, கட்டின பிறகு ஒருமாதிரி. அவர்கள் என்ன பார்த்தார்கள்? ஒரு சிரிப்பு. நீயும் சிரிக்காதவள் இல்லை. சின்னனில் என் மடியில் இருந்து விக்கல் வரும்வரைக்கும் சிரிப்பாய்.

எட்டு வருசத்தில் முதல்தரம் ஒரு வீட்டார் ஓம் என்றிருக்கிறார்கள். ஜனார்த்தனனின் தாய்க்கும் செய்தி போய்விட்டது, அவவும் நாள் பார்க்கிறா என்று அப்பா சொன்னார். இப்போது நீ வாய் திறந்தால் விழுவது நீ மட்டும் இல்லை.

இலட்சுமி உன்னோடு வீடியோவில் கதைக்கப் போவதாகச் சொன்னா. நல்ல மாதிரிக் கதை. அவ்வளவுதான் நான் கேட்பது.

மாமி


விசுவமடு
29.07.2025

அன்புள்ள மாமிக்கு,

நான் சொல்லிவிட்டேன். இதற்குள் உங்களுக்கும் செய்தி வந்திருக்கும். எப்படி நடந்தது என்பதை என்னிடமிருந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்த பிறகு சொல்லாமல் இருந்து பார்த்தேன். உண்மையாகவே இருந்து பார்த்தேன். அது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. களைத்தவளுக்கு எந்தக் கதிரையும் நல்ல கதிரைதான். அப்பா முழங்காலைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குச் சுண்ணாம்பு அடித்தார். சுதாஜினி இரண்டு சட்டைத் துணி வாங்கி வந்து, எது உனக்கு, எது எனக்கு என்று கேட்டாள். டென்மார்க்கில் மாடுகள் நிறைய இருக்குமாம், பால் வேலையே கிடைக்கும் என்று ரஜிதன் சொன்னார். நான் நம்பத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை இலட்சுமி அன்ரி வீடியோவில் வந்தா. நாங்கள் நாலு பேரும் முன்னால் இருந்தோம். அவவோடு லண்டனிலிருந்து ஒரு பெரியம்மாவும் இணைந்திருந்தா. நல்லாய்த்தான் கதைத்தா. பிறகு சொன்னா:

“பிள்ளை, அண்டைக்குக் கோபுரத்தில சிரிச்சியளே, அதே மாதிரி ஒருக்காச் சிரியுங்கோ. இவன்ர பெரியம்மா பாக்க ஆசைப்படுறா.”

சிரித்தேன்.

“இல்லையில்லை, இது இல்லை. வெக்கப்படாமல் சிரியுங்கோ. தலையைப் பின்னால சாச்சுச் சிரிச்சியள்.”

திரும்பவும் சிரித்தேன், தலையைச் சாய்த்து. மூலையில் சின்னப் பெட்டியில் என் முகம் எனக்கே தெரிந்தது. பின்னால் அம்மாவும் எனக்கு உதவியாகச் சிரிக்கிறா. அப்பாவும். சுதாஜினியும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். நாலு பேரும் ஒருத்தியின் சிரிப்பைச் சிரிக்கப் பார்க்கிறோம்.

“அன்ரி, அது நான் இல்லை” என்றேன்.

“என்ன பிள்ளை?”

“நீங்கள் கண்டது வவுனியா ஆள். அவ கலியாணம் கட்டி ரெண்டு பிள்ளை. நானும் அம்மாவும் அந்த நேரம் நிலத்தில இருந்தனாங்கள்.”

“நிலத்தில ஏன் இருந்தனீங்கள்?” என்று கேட்டது லண்டன் பெரியம்மா.

அம்மா எழும்பிக் குசினிக்குப் போனா. நிரோஜன் எங்கோ பக்கத்தில் இருந்திருக்கிறார். அவர் குரலை அப்போதுதான் முதல்தரம் கேட்டேன். “அம்மா, வையுங்கோ” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவரும் களைத்தவர் போலத்தான் இருந்தது. வைத்துவிட்டார்கள்.

அடுத்த நாள், எங்களை ஏமாற்றப் பார்த்தார்கள் என்று செய்தி வந்தது.

அம்மா என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகிறா. அப்பா சுண்ணாம்பு வாளியை அப்படியே விட்டுவிட்டார், பாதி விறாந்தை வெள்ளை, பாதி பழசு. அதெல்லாம் பொறுக்கலாம். சுதாஜினி கிணற்றடியில் வந்து சொன்னாள்: “அக்கா, உனக்காக இல்லாட்டிலும் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.”

அவள் சொன்னதில் பிழை இல்லை. அவளுக்காக எவ்வளவோ செய்யலாம். இன்னொருத்தியின் சிரிப்பைக் காலம் முழுக்கச் சிரிக்க முடியாது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

மாமி, நீங்கள் எனக்கு ஒரு வார்த்தை தந்தீர்கள். இது சரிவரவில்லை. இப்போது அதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் பெயரையும் கெடுத்துவிட்டேன் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன். ஆவணி வரப்போகிறது.

கஜேந்தினி


வெள்ளவத்தை
06.08.2025

அன்பின் கஜேந்தினிக்கு,

நீ காத்திருக்கிற செய்தியை முதலில் எழுதுகிறேன். திங்கட்கிழமை உன் அப்பாவோடு கதைத்தேன். பிரியந்தினியை வரவழைத்து, போனை அவள் காதிலும் என் நல்ல காதை அவள் வாய்க்குக் கிட்டவும் வைத்துக் கதைத்தேன். அப்பா உனக்கு முழுவதும் சொல்லியிருக்க மாட்டார், அதனால் எழுதுகிறேன்.

“அண்ணா, சுதாஜினிக்கு நாள் வையுங்கோ எண்டு சொல்லு” என்றேன். பிரியந்தினி சொன்னாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“‘மூத்தவளைச் சந்தியில விட்டிட்டோ?’ எண்டு கேக்கிறார் அன்ரி.”

“சந்தியில விட்டது நாங்கள்தான். எட்டு வருசமாக் கொழும்பில ஒவ்வொரு சந்தியிலயும் கொண்டுபோய் நிப்பாட்டினனாங்கள் எண்டு சொல்லு.”

“அதை அப்பிடியே சொல்லட்டோ அன்ரி?”

“அப்பிடியே சொல்லு.”

சொன்னாள்.

“கட் பண்ணிட்டாரோ?”

“இல்லை அன்ரி. மூச்சு மட்டும் கேக்குது.”

“இருக்கட்டும். வைக்காதை.”

பிரியந்தினியின் அடுப்பில் பால் பொங்கும் மணம் மேலேயிருந்து வந்தது. பாவம், அவள் அசையவில்லை. கடைசியில் சொன்னாள்:

“‘மேளகாரரை ஆர் பிடிக்கிறது?’ எண்டு கேக்கிறார்.”

அதுதான் உன் அப்பாவின் சம்மதம். அவர் இதற்கு மேல் சொல்லமாட்டார். ஆவணி மூன்றாம் கிழமை நல்ல நாள் இருக்கிறது. ஜனார்த்தனனின் தாயோடு நான் நேரே வந்து கதைக்கிறேன். மச்சாள் போனுக்கு வரவில்லை. அவவுக்கு ஆற நாள் எடுக்கும், நீ அவவுக்குப் பின்னால் திரிந்து சமாதானம் பண்ணாதே, விடு. மூத்தவள் இருக்க என்று ஊரில் கதைப்பார்கள். கதைக்கட்டும். இனி உனக்காக நான் யாரையும் எந்த இடத்துக்கும் வரச்சொல்ல மாட்டேன். நீயாக யாரையாவது பார்த்துச் சொன்னால் சந்தோசம், சொல்லாவிட்டாலும் நீ என் மருமகள்தான்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே இதைச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. கோபம். இலட்சுமி என்னைப் பற்றி வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிகிறா, காய்கறிக் கடைவரைக்கும் வந்துவிட்டது. உனக்கு ஒரு பதிலும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை இருந்தது. முள்ளியவளையிலிருந்து ஒரு குடும்பம். கஜனி என்று ஒரு பிள்ளை, இருபத்துநாலு வயது. மாப்பிள்ளை கனடா. முதலே ஒழுங்குபடுத்தியது, தட்டிக்கழிக்க முடியவில்லை. கங்காராமய விகாரைக்குப் பக்கத்தில் பேர வாவிக் கரை. மர நிழல், கதிரைகள், காற்று அதிகம் இல்லை. நல்ல இடம் என்று நானே தெரிந்தெடுத்தது.

பிள்ளையைக் கொண்டுவந்து கரையோரம் நிறுத்தினேன். சிவப்புப் பட்டு. கழுத்தில் வேர்வை ஓடுகிறது. தாய் கொஞ்சம் தள்ளி நின்று, எதையோ தேடுகிற மாதிரிக் கைப்பையைக் கிண்டுகிறா. மாப்பிள்ளை வீட்டார் எதிர்ப்பக்கத்திலிருந்து வரத் தொடங்கினார்கள். அவர்களும் வாவியைப் பார்க்கிற மாதிரி வருகிறார்கள். எல்லாம் நான் எத்தனையோ தரம் செய்தது போலவே இருந்தது.

அந்தப் பிள்ளை மட்டும் அவர்களைப் பார்க்கவில்லை. தண்ணீரில் அன்னம் மாதிரிச் செய்த படகுகள் நின்றன, காலால் மிதித்து ஓட்டுவது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் திரும்பச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது என் நல்ல காதுப் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள்:

“அன்ரி, உதில ஏறினால் சீலை நனையுமோ?”

முப்பது வருசம் இந்த ஊரில் இருக்கிறேன் கஜேந்தினி. எத்தனை பிள்ளைகளை இந்தக் கரையில் நிறுத்தியிருப்பேன். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. நான் ஏறியதே இல்லை.

“ஏறித்தான் பாக்க வேணும்” என்றேன்.

சீட்டு எடுத்தேன். படகுக்காரப் பொடியன் என்னைப் பார்த்து, முழங்கால் தாங்குமா என்று கையால் கேட்டான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இருவரும் ஏறினோம். தாய் கரையில் நின்று ஏதோ கத்துவது தெரிந்தது. முதலில் படகு வட்டமாகச் சுற்றியது, ஒருத்தி மிதிக்க மற்றவள் மிதிக்காமல் இருந்ததால். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சேர்ந்து மிதிக்கப் பழகினோம். நடுவாவி வரைக்கும் போனோம். நனைந்தது, என்னுடையதும் அவளுடையதும்.

மிதிப்பதை நிறுத்தினோம். எனக்கு மூச்சு வாங்கியது. கரையில் அவர்கள் எல்லோரும் வரிசையாக நின்றார்கள், எங்கே பார்ப்பதென்று தெரியாமல். பிள்ளை அப்போதுதான் திரும்பினாள்.

“அவர் எவர் அன்ரி?”

“நீலச் சேட்டுப் போட்டவர். கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறார்.”

கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள். வெட்கமும் இல்லை, அவசரமும் இல்லை. சந்தையில் பூசணிக்காய் பார்க்கிற மாதிரி, நேரம் எடுத்துப் பார்த்தாள். அவர் கட்டின கையை அவிழ்த்தார், பிறகு திரும்பவும் கட்டினார், பிறகு சேட்டைச் சரிசெய்தார்.

“இஞ்சையிருந்து வடிவாத் தெரியேல்லை” என்றாள். “கொஞ்சம் கிட்டப் போவம் அன்ரி.”

மாமி,
விமலேஸ்வரி